தராசு டிஸ்ப்ளேயில் எண் நடுங்குகிறதா? லைப்ரரியை மாற்றுவதா, போர்டையே மாற்றுவதா, இரண்டும் வேண்டாமா

10.2 காட்டிக்கொண்டிருந்த திரை, கேனிலிருந்து கொஞ்சம் பாலை எடுத்ததும் 9.82 என்று காட்டுகிறது. தராசு அனுப்பியது 9.8 மட்டும்தான். நான்கு எழுத்து நின்ற இடத்தில் மூன்று எழுத்தை எழுதினோம். பழைய எண்ணின் கடைசி 2 அழியாமல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. மேசையில் வைத்து ஓட்டிப் பார்க்கிற நமக்கு இது சில்லறை விஷயம். பால் சங்கத்து வரிசையில் நிற்கிறவருக்கு அப்படி இல்லை. "ஏனுங்க தம்பி, மேல ஒம்பது புள்ளி எட்டு ரெண்டுன்னு நின்னுச்சு, சீட்டுல வெறும் எட்டுன்னு வருதுங்களே?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். தராசில் முத்திரை இருக்கிறது என்று காட்டினாலும் அன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் மாடு வைத்திருக்கிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இந்தப் பக்கத்துச் சங்கங்களுக்குப் பொள்ளாச்சியிலும் கோவையிலும் சின்னப் பட்டறைகளில் செய்துகொடுக்கிற டிஸ்ப்ளேப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே சாதி: உள்ளே ஈஎஸ்பி32 என்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சிப், முகப்பில் 2.8 அங்குல டிஎஃப்டி வண்ணத் திரை, அதன் கட்டுப்பாட்டுச் சிப் ஐஎல்ஐ9341. தராசிலிருந்து ஆர்எஸ்-232 என்கிற சீரியல் கம்பி வழியாக எடை வரும், பாலைச் சோதிக்கிற அனலைசரிலிருந்து கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) வரும். அவற்றைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவு வேலையிலேயே திரை மினுக்கும், எண் நடுங்கும், பாதி எண் பழசாகவும் பாதி புதுசாகவும் தெரியும். என்ன செய்யலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் எல்விஜிஎல் என்கிற வரைகலை லைப்ரரியை (ஆயத்தப் புரோகிராம் தொகுப்பு) போடு என்பார், இன்னொருவர் எஸ்டிஎம்32 என்கிற வேறு சிப்புக்கு மாறு என்பார், மூன்றாமவர் சீரியலில் ஓடும் ரெடிமேட் திரையை வாங்கிக்கொள் என்பார். மூன்றும் நல்ல பொருள்கள்தான். எந்த நோய்க்கு எது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில்: ஒயரா, புரோகிராமா?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைப் பிரித்துவிட வேண்டும். திரைக்குப் புள்ளிகளை அனுப்பும் எஸ்பிஐ கம்பியின் கடிகாரத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 10-க்கு இறக்குங்கள். ஐஎல்ஐ9341-இன் டேட்டாஷீட் எழுதும் வேகத்துக்கு உத்தரவாதம் தருவது 10 மெகாஹெர்ட்ஸ் வரைதான்; 40-இல் ஓட்டுவது நாம் எல்லோரும் எடுத்துக்கொண்ட சலுகை. பத்துக்கு இறக்கியதும் அங்கங்கே தெறித்த புள்ளிகள், வரி நகர்ந்த படம், நிறம் மாறிய கோடுகள் காணாமல் போனால் நோய் ஒயரில் இருக்கிறது. ஒரு முழம் ஜம்பர் ஒயர், ஒரே ஒரு கிரவுண்டு, பக்கத்தில் பால் குளிரூட்டியின் கம்ப்ரசர்: இதில் எந்த லைப்ரரியும் உதவாது. ஒயரைக் குறைக்க வேண்டும், கிரவுண்டைத் தடிமனாக்க வேண்டும், திரையின் பவர் காலுக்குப் பக்கத்திலேயே கெப்பாசிட்டர் வைக்க வேண்டும்.

கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது திரை முழுக்க வெள்ளையாகி அப்படியே நின்றுவிடுகிறது, ஆனால் சீட்டு மட்டும் ஒழுங்காக அச்சாகிறது என்றால் அது இன்னொரு ரகம். ஈஎஸ்பி32 தப்பித்துவிட்டது, திரைச் சிப் மட்டும் ரீசெட் ஆகிவிட்டது. தொடக்கக் கட்டளைகளைத் திரும்ப அனுப்பினால் வந்துவிடும். யாரும் பால் ஊற்றாத இடைவெளியில் அவ்வப்போது அனுப்பிவைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கடிகாரத்தைக் குறைத்தும் கோளாறு அப்படியே இருந்தால், அல்லது இன்னும் மெதுவாகவும் தெளிவாகவும் தெரிந்தால், புரோகிராம்தான். அப்போது செல்போனை எடுத்து ஸ்லோமோஷனில் திரையைப் படம்பிடியுங்கள். வினாடிக்கு 240 பிரேம் எடுக்கிற போன் போதும். ஐஎல்ஐ9341 வழக்கமாக வினாடிக்கு 70 தடவை தன் நினைவகத்தைத் திரைக்குக் கொண்டுபோகிறது. ஒரு சுற்றுக்கு மூன்று பிரேமாவது போனில் விழும். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் வெறும் கறுப்பு தெரிந்தால் அது மினுக்கல். கறுப்பு இல்லாமல் மேல்பாதி புதுசு, கீழ்ப்பாதி பழசு என்றால் அது கிழிசல். கிழிசல் நேர்க்கோடாக இல்லாமல் மூலைவாட்டில் ஓடினால், திரையைப் படுக்கை வசமாகத் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். பேனல் தன் 320 வரிகளை நெட்டுவசத்தில்தான் வரிவரியாகப் படிக்கிறது. நாம் அதற்குக் குறுக்கே எழுதுகிறோம். இந்த மூலைவாட்டுக் கோட்டைப் பார்த்துவிட்டு பேனலே பழுது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

முழுத்திரையையும் அழித்து எழுதுவது

எல்லோரும் தொடங்கும் இடம் இது. ஃபில்ஸ்கிரீன் கட்டளையால் முழுக்கக் கறுப்பு, பிறகு எடை, பிறகு கொழுப்பு, பிறகு விலை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 320 பெருக்கல் 240 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், மொத்தம் 1,53,600 பைட். 40 மெகாஹெர்ட்ஸில் இதை அனுப்பவே சுமார் 31 மில்லிசெகண்ட் ஆகும். பேனலின் ஒரு சுற்று 14 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒவ்வொரு தடவையும் எழுத்து வருவதற்கு முன்பே இரண்டு சுற்று வெறும் திரை கண்ணுக்குத் தெரிந்துவிடும். தராசு வினாடிக்குப் பல தடவை எடை அனுப்புகிறது. அத்தனை தடவையும் அழித்து எழுதினால் மினுக்காமல் என்ன செய்யும்? பக்கம் மாறும்போது, மொழி மாறும்போது மட்டும் முழுத்திரையை அழிக்கலாம். ஓடும் எண்ணுக்கு இது ஆகாது.

பின்னணி நிறத்தோடு மேலேயே எழுதுவது

காசும் மெமரியும் கேட்காத வழி. எழுத்து நிறத்தோடு பின்னணி நிறத்தையும் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் தன் கட்டத்துக்குள் இருந்த பழசைத் தானே மறைத்துக்கொள்ளும். அழிக்கிற வேலை இல்லை, மினுக்கல் இல்லை. மேலே சொன்ன 9.82 வந்தது இந்த வழியில்தான். ஆனால் அதற்கு மருந்தும் இதிலேயே இருக்கிறது. எண்ணை எப்போதும் ஒரே அகலத்துக்கு, முன்னால் வெற்றிடம் வைத்து எழுத வேண்டும்: ஆறு எழுத்து என்று வைத்தால் என்றும் ஆறு. திரைக்கு வரைகிற டிஎஃப்டி-ஈஎஸ்பிஐ லைப்ரரியில் இதற்கென்றே செட்-டெக்ஸ்ட்-பேடிங் என்ற கட்டளை இருக்கிறது. எழுத்து எவ்வளவு குறுகினாலும் சொன்ன அகலம் வரை பின்னணியை நிரப்பிவிடும்.

ஒரு பள்ளம் உண்டு. அடாஃப்ரூட் ஜிஎஃப்எக்ஸ் என்கிற இன்னொரு லைப்ரரியில் கூடவே வருகிற பழைய 5-க்கு-7 எழுத்துக்குத்தான் பின்னணி நிறம் வேலை செய்யும். அழகாக இருக்கட்டும் என்று வேறு எழுத்துருவைப் போட்டீர்களானால் பின்னணி நிறத்தை அது கண்டுகொள்ளாது. எண்ணின் மேல் எண் ஏறி எல்லாமே 8 ஆகிவிடும். இது பிழை இல்லை, அந்த லைப்ரரியை எழுதியவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அகலம், ஒன்றின் ஓரம் மற்றொன்றின் மேல் விழலாம். பின்னணியை நிரப்பினால் பக்கத்து எழுத்தை வெட்டிவிடும் என்பது காரணம்.

எண்ணுக்கு மட்டும் ஒரு தனித்துண்டு

எனக்குப் பிடித்த வழி இது, பால் பெட்டிக்கு நான் பரிந்துரைப்பதும் இதையே. எண் உட்காரும் செவ்வகத்தை மட்டும் ராமில் வைத்துக்கொள்ள வேண்டும். டிஎஃப்டி-ஈஎஸ்பிஐ இதை ஸ்பிரைட் என்கிறது, அடாஃப்ரூட் கேன்வாஸ் என்கிறது. அழிப்பதும் எழுதுவதும் எல்லாம் அந்தத் துண்டுக்குள் நடக்கும். முடிந்த படம் மட்டும் ஒரே தள்ளாகத் திரைக்குப் போகும். எந்த எழுத்துருவும் வைக்கலாம், எந்த அகலமும் வைக்கலாம்.

200-க்கு 64 புள்ளி அளவுள்ள எடைக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 16 பிட் நிறத்தில் அது 25,600 பைட். 40 மெகாஹெர்ட்ஸில் தள்ள 5 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். பேனலின் ஒரு சுற்றில் பாதிகூட இல்லை. கிழிசல் சுத்தமாகப் போய்விடுமா என்றால் போகாது. எப்போதாவது ஒரு சுற்று அந்தக் கட்டத்தின் நடுவே விழும். விழுந்தாலும் அடுத்த 14 மில்லிசெகண்டில் சரியாகிவிடும், அரைமீட்டர் தள்ளி நிற்கிற கண்ணுக்குத் தெரியாது. எண் மாறினால் மட்டும் தள்ளுவது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், கேன் அசையாமல் நிற்கும் நேரம் முழுக்கத் திரையும் அசையாமல் நிற்கும்.

மெமரி இல்லையென்றால் நிறத்தைக் குறைக்கலாம். அதே கட்டம் 1 பிட்டில் 1,600 பைட்தான். டிஎஃப்டி-ஈஎஸ்பிஐ அதை அனுப்பும்போதே நிறமாக்கி மொத்தமாகத் தள்ளிவிடும். அடாஃப்ரூட்டில் 1 பிட் கேன்வாஸைத் திரையில் போடும் வேலை புள்ளி புள்ளியாக நடக்கிறது. புள்ளியோடு அதன் விலாசத்தையும் சேர்த்து அனுப்புவதால் கண்ணுக்கு முன்னே திரை இழைவது தெரியும். அங்கே 16 பிட் கேன்வாஸே மேல்.

சிலர் முழுத்திரைக்கும் ஸ்பிரைட் கேட்பார்கள். ஈஎஸ்பி32-இல் 520 கிலோபைட் ராம் என்று போட்டிருக்கிறதே, அதில் முழுத்திரைக்கு வேண்டிய 150 கிலோபைட் கிடைக்காதா என்று. அந்த 520 ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை. பிஎஸ்ராம் என்கிற கூடுதல் நினைவகம் இல்லாத போர்டில் 16 பிட் முழுத்திரை ஸ்பிரைட் உருவாகாமல் போகும், உருவாகவில்லை என்பதைச் சோதிக்காத புரோகிராம் சத்தமில்லாமல் வெறும் திரையைக் காட்டும். 8 பிட்டில் 76,800 பைட் என்றால் இடம் கிடைத்துவிடும். ஆனால் முழுத்திரையைத் தள்ள மறுபடியும் அந்த 31 மில்லிசெகண்ட். அசையாத தலைப்பையும் கோட்டையும் வினாடிக்குப் பல தடவை எதற்காக அனுப்ப வேண்டும்?

எல்விஜிஎல்

பட்டன், பட்டியல், வரைபடம், பக்கம் பக்கமாகச் செட்டிங்ஸ் என்று வளர்கிற பெட்டியானால் எல்விஜிஎல் சரியான முடிவு. எந்தப் பகுதி மாறியது என்று அதுவே கணக்கு வைத்துக்கொண்டு அதை மட்டும் வரையும். திரையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பஃபர் (வரைந்து வைக்கும் ராம் இடம்) போதும் என்பது அதன் ஆவணம் சொல்லும் கணக்கு. நம் திரைக்கு 15,360 பைட். அப்படி இரண்டு பஃபர் கொடுத்து டிஎம்ஏவையும் (சிபியுவை எதிர்பார்க்காமல் தானே தரவை அனுப்பும் பகுதி) போட்டால், ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது மற்றதில் வரைந்துகொள்ளும்.

ஆனால் பழைய கோளாறு போய்ப் புதுக் கோளாறு வரும். டிஎம்ஏ அனுப்பி முடிப்பதற்குள் "ஃபிளஷ் ரெடி" என்று சொல்லிவிட்டால், போய்க்கொண்டிருக்கும் பஃபரின் மேலேயே அடுத்த துண்டை வரைந்துவிடும். திரையில் பட்டை பட்டையாக இடம் மாறிய துண்டுகள். டிஎம்ஏ முடிந்ததும் வரும் இன்டரப்ட் சைகையில்தான் அதைச் சொல்ல வேண்டும். இன்னொன்று, 16 பிட் நிறத்தின் இரண்டு பைட்டும் இடம் மாறிப் போவது: சிவப்பு கேட்டால் நீலம் மாதிரி வரும். எட்டாம் பதிப்பில் இதற்கு ஒரு செட்டிங் இருந்தது, ஒன்பது வந்தபோது அது போய், அனுப்புமுன் நாமே மாற்றித் தரவேண்டியதாயிற்று. பழைய கட்டுரையைப் பார்த்துப் புதுப் பதிப்பில் தட்டினால் நிறம் மாறித்தான் வரும்.

மூன்றாவதுதான் பால் பெட்டியில் அடிக்கடி வருவது. தராசுக்கு ஒரு டாஸ்க் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை), அனலைசருக்கு ஒரு டாஸ்க் என்று வைத்து, இரண்டும் நேராக லேபிளை மாற்றப் போகும். எல்விஜிஎல் அதற்குத் தயாரில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம். நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, காலை ஆறரை மணிக் கூட்டத்தில் மட்டும் உறைந்து நிற்கிற பெட்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். லைப்ரரி எதுவானாலும் இது பொருந்தும். எஸ்டி கார்டும் திரையும் ஒரே எஸ்பிஐ கம்பியில் இருந்தால், திரைக்குச் செவ்வகத்தின் விலாசம் சொல்லிவிட்டுப் புள்ளிகளை அனுப்புவதற்குள் கார்டு நடுவில் புகுந்துவிடும். கொழுப்பின் எண் விலையின் இடத்தில் போய் உட்காரும். வரைகிற டாஸ்க் ஒன்றே ஒன்று, மற்றவை எல்லாம் அதற்குக் கியூவில் எண்ணைப் போடட்டும். கார்டை வேறு கம்பியில் வையுங்கள், இல்லையென்றால் பூட்டு போட்டுக் கொடுங்கள்.

இரண்டு முழு பஃபர், அதற்கேற்ற போர்டு

கிழிசலே கூடாது என்றால் கடைசியில் இங்கேதான் வரவேண்டும். எஸ்டிஎம்32எஃப்429 மாதிரிச் சிப்பில் எல்டிடிசி என்று திரைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒரு பஃபரைக் காட்டிக்கொண்டே இருக்கும். நாம் மற்றதில் வரைந்து முடித்ததும், பேனல் ஒரு சுற்று முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடைவெளியில் விலாசத்தை மாற்றிக்கொள்ளும். கண்ணுக்குப் பாதிப்படம் தெரிய வழியே இல்லை.

விலை மெமரியில் இருக்கிறது. 480-க்கு 272 திரைக்கு ஒரு பஃபர் 2,61,120 பைட், இரண்டுக்கு அரை மெகாபைட்டைத் தொடும். எஃப்429-க்குள் இருப்பது 256 கிலோபைட், அதிலும் 64-ஐ டிஎம்ஏ தொடமுடியாது. வெளியே எஸ்டிராம் என்கிற நினைவகச் சிப் வைத்தே ஆகவேண்டும், அதற்கான போர்டு வரைவது சின்னப் பட்டறைக்குப் பெரிய வேலை. எஸ்டிஎம்32-இலேயே எஃப்7 வரிசைக்குப் போனால் டேட்டா கேஷ் (சிபியுவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன இடைக்கால நினைவகம்) என்று ஒன்று சேர்ந்துகொள்ளும். சிபியு எழுதியது கேஷிலேயே தங்கிவிடும், திரை பழைய ராமைப் படிக்கும். அடையாளம் சுலபம்: 16 புள்ளி நீளத்துக்குச் சின்னச் சின்னக் கோடுகளாகப் பழைய படம் மிச்சமிருக்கும். கேஷின் ஒரு வரி 32 பைட், புள்ளிக்கு 2 பைட், அதனால் 16. வரைந்து முடித்ததும் கேஷை ராமுக்குத் தள்ளிவிட்டால் சரியாகும்.

ஈஎஸ்பி32-எஸ்3-இல் பிஎஸ்ராமை வைத்து ஆர்ஜிபி பேனல் ஓட்டுவதும் இந்த வகைதான். விலை குறைவு, ஆனால் பிளாஷில் (மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம்) எதையாவது எழுதும் நேரத்தில் படம் மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும் தொல்லை அதில் உண்டு. பவுன்ஸ் பஃபர் (சிப்பின் உள் ராமில் ஒரு சின்ன இடைப் பஃபர்) வைத்து ஓரளவு அடக்கலாம். ஒவ்வொரு பால்காரரின் கணக்கையும் பிளாஷில் எழுதுகிற பெட்டிக்கு இதை நான் எடுக்கமாட்டேன்.

புதுப் போர்டுக்குப் போகாமல், இருக்கிற ஐஎல்ஐ9341-இலேயே கிழிசலைத் தவிர்க்க ஒரு சந்து இருக்கிறது. சிப்பில் டிஇ என்றொரு கால் உண்டு. ஹெக்ஸ் 35 கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும் சைகை தரும். சுற்று தொடங்கியதும் அதன் பின்னாலேயே எழுதப் புறப்பட்டால், இந்தச் சுற்று முழுக்கப் பழைய படம்; அடுத்த சுற்று நம்மைத் துரத்திக்கொண்டு வரும். அது நம்மைப் பிடிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும், அதாவது இரண்டு சுற்று நேரத்துக்குள். வினாடிக்கு 70 சுற்று என்றால் இரண்டு சுற்று 28.6 மில்லிசெகண்ட், முழுத்திரைக்கு நமக்கு வேண்டியது 30.7. நேரம் போதவில்லை. பேனலின் வேகத்தை 61-க்கு இறக்கினால் இரண்டு சுற்று 32.8 ஆகிறது, மயிரிழையில் இடம் கிடைக்கிறது. நெட்டுவசத்தில் மட்டும்தான் இந்தக் கணக்கு. படுக்கை வசத்தில் மூலைவாட்டுக் கிழிசல் முழுசாகப் போகாது. அதைவிடப் பெரிய தடை, கடையில் கிடைக்கும் 14 கால் சிவப்பு மாட்யூலில் இந்த டிஇ காலை வெளியே எடுத்தே விடுவதில்லை. வாங்கும்போதே பார்த்து வாங்கினால்தான் உண்டு.

ரெடிமேட் சீரியல் திரை

நெக்ஸ்டியான், டிவின் வகைத் திரைகள். வரைவது அவற்றின் வேலை, நாம் சீரியலில் எண்ணை அனுப்பினால் போதும். நெக்ஸ்டியானுக்கு ஒவ்வொரு கட்டளை முடிவிலும் மூன்று 255 பைட் போக வேண்டும். அதில் ஒன்று தவறினால் அடுத்த கட்டளையும் சேர்ந்து கெடும் என்பதைத் தவிரப் பெரிய தலைவலி இல்லை. புரோகிராம் எழுத ஆள் இல்லாத பட்டறைக்கு இதுவே நல்லது என்பேன். விலை கூடுதல், திரை போனால் அதே மாடல் கிடைக்கும் வரை பெட்டி சும்மா இருக்கும்.

எழுத்து விஷயத்தில் மட்டும் எந்த வழியும் உங்களைக் காப்பாற்றாது. இந்தப் பக்கம் பெட்டிக்குத் தமிழும் வேண்டும், மலையாளமும் வேண்டும். "கொழுப்பு" என்று எழுதச் சொன்னால் முதல் எழுத்திலேயே ஆட்டம் தொடங்கும்: யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால், திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும், கால் பின்னால் வரவேண்டும். இந்த மாற்றலை அடாஃப்ரூட்டும் செய்யாது, எல்விஜிஎல்லும் தமிழுக்குச் செய்வதில்லை. மலையாளத்திலும் இதே கதைதான். திரையில் எழுத்து சிதறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வரைவதில் கோளாறு என்று மெமரியைத் தேடிப் போகவேண்டாம். எடை, கொழுப்பு, விலை, தொகை என்று மொத்தம் பத்து இருபது சொற்கள்தானே. கம்ப்யூட்டரில் படமாகச் செய்து 1 பிட் பிட்மேப்பாக வைத்துவிடுங்கள். எண்களுக்கு மட்டும் எழுத்துரு.

ஆக, சாதாரணச் சங்கத்துப் பெட்டிக்கு என் தேர்வு: அசையாததெல்லாம் படமாக ஒரு தடவை, எடைக்கு ஒரு ஸ்பிரைட், மற்ற எண்களுக்குப் பின்னணி நிறமும் நிலையான அகலமும், வரைய ஒரே டாஸ்க். தொடுதிரையும் நான்கைந்து பக்கமும் கேட்டால் எல்விஜிஎல். வாசலில் தொங்கும் பெரிய திரையில் படம் ஓடவேண்டும் என்றால் மட்டும் போர்டை மாற்றுகிற பேச்சு.

கொண்டுபோய் மாட்டுவதற்கு முன் தராசுக்குப் பதில் கம்ப்யூட்டரிலிருந்து எண் அனுப்பி ஓட்டிப் பாருங்கள். 10.2-க்குப் பின் 9.8, 100.4-க்குப் பின் 0.0. இதோடு கட்டாயம் ஒரு கழித்தல் எண்ணும் வேண்டும். கேனை வைத்து டேர் போட்டபின் (வெறும் கேனின் எடையைப் பூஜ்ஜியமாக்கியபின்) கேனைத் தூக்கினால் தராசு மைனஸ் அனுப்பும். அடுத்த கேன் வந்ததும் எண் மாறி, மைனஸ் கோடு மட்டும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.